டேவானா, திடலா, பள்ளி மண்டபமா? தோட்டப் பட்டணத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. பூட்டிய மண்டபத்தின் கிரில் கதவுக்கு வெளியே நாற்பது பிள்ளைகள், ஒரு லோரி நிறைய நாற்காலி, நூற்றிருபது பொட்டலம் நாசி லெமாக். பணம் கட்டிய ரசீது என் சட்டைப்பையில் இருக்கிறது. சாவி வைத்திருக்கும் காவலாளி மட்டும் இல்லை. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று முதல்நாள் இரவே தைப்பிங் போய்விட்டாராம். கடைசியில் பக்கத்துக் கோயில் பந்தலில் சாக்கு ஓட்டத்தையும் கோலப் போட்டியையும் நடத்தி முடித்தோம்.

செம்பனை ஆலையில் வேலை கிடைத்து, மலேசியாவில், சிலாங்கூரின் வட பக்கத்தில் உள்ள இந்தத் தோட்டப் பட்டணத்துக்கு நான் வந்து ஏழு வருஷம் ஆகிறது. வாராவாரம் பூப்பந்து ஆட ஓர் இடம், வருஷ முடிவில் குடும்ப தினத்துக்கு ஓர் இடம், இந்த இரண்டுக்காகவும் ஊரில் உள்ள எல்லா டேவான் (பொது மண்டபம்), திடல் வாசல்களிலும் நின்றிருக்கிறேன். நீங்களும் அப்படி நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் வரும் வாடகைக் கணக்கெல்லாம் நான் கட்டியது. உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கும், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. தேவையை ஒரு தாளில் எழுதுங்கள்

“ஒரு ஹால் வேண்டும்” என்று போய் நின்றால் எந்த ஆபீஸிலும் வேலை நடக்காது. எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன விளையாட்டு, சாப்பாடு உண்டா, அதில் இறைச்சி உண்டா, மைக் செட் உண்டா. இந்த ஆறுக்கும் பதில் எழுதிக்கொண்டு போங்கள்.

விளையாட்டு என்றால் அளவும் தெரிந்திருக்க வேண்டும். பூப்பந்துக் களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். காலால் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் செபாக் தக்ராவின் களமும் அதே அளவுதான், ஒரே வெளிக்கோட்டுக்குள் இரண்டையும் ஆடலாம். ஆனால் தக்ராவுக்குத் தலைக்கு மேல் 8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய தோட்டத்து மண்டபங்களில் அந்த உயரம் கிடைக்காது. உத்தரத்தில் பந்து மாட்டும், பூப்பந்து என்றால் ஒவ்வொரு உயரமான அடியும் மின்விசிறியில் போய் விழும். ஒரு மாலையில் நான்கு பூப்பந்தை உத்தரத்துக்குக் காணிக்கை கொடுத்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது.

2. வாடகை கேட்பதற்கு முன்னால் சாவி யாரிடம் என்று கேளுங்கள்

ஊரில் உள்ள இடங்களை நான் அழகு, அளவு என்று பிரிப்பதில்லை. அனுமதி கொடுப்பவர் யார், கதவைத் திறப்பவர் யார் என்று பார்ப்பேன். பெரும்பாலான இடங்களில் இவர்கள் இரண்டு பேர். ஒருவர் கையெழுத்துப் போட்ட சேதி இன்னொருவருக்குப் போய்ச் சேராது. என் காதுகுத்துக் கதை அதுதான்.

நகராண்மைக் கழக டேவான். நூறு பேருக்கு மேல் என்றால் முதலில் இதைப் பாருங்கள். மேடை, கழிப்பறை, கார் நிறுத்தும் இடம் எல்லாம் இருக்கும். விதியும் வாடகையும் எழுத்தில் இருப்பதால், ஆளுக்கொரு விலை சொல்ல மாட்டார்கள். நாங்கள் ஒரு நாளைக்கு 350 வெள்ளி (ரிங்கிட்) வாடகையும் 300 வெள்ளி வைப்புத் தொகையும் கட்டினோம். குளிர்சாதனம் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். பன்றி இறைச்சியும் மதுவும் உள்ளே வரக்கூடாது. சாப்பாடு ஹலாலாக இருக்க வேண்டும் என்று பாரத்திலேயே போட்டிருந்தது. “யார் பார்க்கப் போகிறார்கள்” என்று நினைக்காதீர்கள். வைப்புத் தொகை போவது ஒரு பக்கம், அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்தாலே கவுண்டரில் யோசிப்பார்கள்.

நகராண்மைக் கழகத் திடல். மலிவு. பகலுக்கு 100 வெள்ளி, இரவு விளக்கு மணிக்கு 50 வெள்ளி என்று கட்டியிருக்கிறோம். இங்கே மாலை மழை வந்தால் இடியோடுதான் வரும், அதனால் காற்பந்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எந்த நாள் பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, என்பதையும் கேளுங்கள். எங்கள் திடலை ஒட்டிய சாலையில் சனிக்கிழமை நான்கு மணிக்கே கடை போட ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு லோரி உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது.

பாலாய் ராயா (ஊர்ப் பொதுக்கூடம்), ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் அமைப்பு) மையம். முப்பது, நாற்பது பேருக்குப் போதும். கேரம், சதுரங்கம், பிள்ளைகளுக்கு டியூஷன், பெண்களின் யோகா என்று வாராந்தர வேலைக்கு இதைவிட வசதி இல்லை. வாடகை இருக்காது, இருந்தாலும் மின்சாரத்துக்கு என்று ஒரு சிறு தொகை. சாவி கமிட்டித் தலைவர் வீட்டில் இருக்கும். அவருக்கும் செயலாளருக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் இரண்டு வாரம் நாங்கள் வாசற்படியில் கேரம் ஆடியது அதனால்தான்.

தமிழ்ப்பள்ளி மண்டபமும் திடலும். பிள்ளைகளுக்கான விழா என்றால் என் முதல் தேர்வு இதுதான். வேலி இருக்கிறது, சின்னப் பிள்ளை சாலைக்கு ஓடாது. கடிதம் தலைமையாசிரியர் பெயருக்குப் போக வேண்டும், ஒரு நகல் பள்ளி வாரியத்துக்கு. மண்டபத்தை அரசாங்கப் பணத்தில் கட்டினார்களா, வாரியம் திரட்டிய பணத்தில் கட்டினார்களா என்பதைப் பொறுத்து முடிவெடுப்பவர் மாறுவார். தலைமையாசிரியர் சரி என்ற பிறகு “எங்களைக் கேட்கவில்லையே” என்று வாரியத்தில் ஒருவர் குறுக்கே நிற்பதும் உண்டு. இரண்டு பக்கமும் போய் வணக்கம் சொல்லிவிடுங்கள். பள்ளிக்கு வரும் வாடகை சுவா என்று சொல்லப்படும் பொதுப்பணக் கணக்கில் சேர வேண்டும், அதனால் ரசீது இல்லாமல் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள். பள்ளி வளாகத்தில் புகைபிடிக்கக் கூடாது. உங்கள் மாமா, சித்தப்பாக்களிடம் முதல்நாளே சொல்லி வைப்பது நல்லது.

தோட்டத்து மண்டபமும் திடலும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மனசு இழுப்பது இந்த இடத்துக்குத்தான். எங்கள் ஊர்த் தோட்டத்துத் திடலில் புல் கம்பளம் மாதிரி இருக்கும், ஓரத்தில் பெரிய மழைமரம், அதன் அடியில் ஐம்பது பேர் உட்காரலாம். வாடகை கிடையாது. ஆனால் அது கம்பெனி நிலம். நீங்கள் அங்கே வேலை செய்யாதவர் என்றால் மேனேஜருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அவர் தலைமை ஆபீஸைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லலாம். “எங்க அப்பா முப்பது வருஷம் இங்கதான் பால் வெட்டினார்” என்பது கிராணியிடம் (தோட்ட ஆபீஸ் கிளார்க்) காப்பி வாங்கிக் கொடுக்கும், அனுமதி வாங்கிக் கொடுக்காது. கேட்டில் உள்ள காவலாளியிடம் கார் எண்களின் பட்டியல் இருக்க வேண்டும். இல்லையென்றால் விருந்தாளிகள் கேட்டிலேயே திரும்பிப் போவார்கள். மின்சாரமும் தண்ணீரும் மண்டபத்தில் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்கள் குறைந்த தோட்டங்களில் கூரை இருக்கும், விளக்கு எரியாது.

கோயில் மண்டபம். பரதம், தேவாரம், பிறந்தநாள் என்றால் சரி. சைவச் சாப்பாடு மட்டும்தான், திருவிழா மாதத்தில் கேட்கவே வேண்டாம். விளையாட்டுக்கு ஏற்ற இடமில்லை.

தனியார் பூப்பந்து, புட்சால் அரங்கம். மணிக்கணக்கு. பூப்பந்துக் களம் மணிக்கு 15 முதல் 20 வெள்ளி, புட்சால் 80 முதல் 100 வெள்ளி வரை நாங்கள் கொடுத்திருக்கிறோம். கடிதம் வேண்டாம், கமிட்டி வேண்டாம், வாட்ஸ்அப்பில் கேட்டால் பத்து நிமிஷத்தில் பதில் வரும். சாவி முதலாளி கையில், காசு கொடுத்தால் கதவு திறக்கும். எட்டுப் பேர் வாரம் இரண்டு மணி நேரம் ஒரு களத்தில் ஆடினால் ஆளுக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் வராது. இதை மிச்சம் பிடிக்க நான் ஆறு மாதம் இலவச இடம் தேடி அலைந்தேன். பெட்ரோல் செலவு அதைவிட அதிகம்.

இளைஞர் விளையாட்டு அமைச்சின் வளாகம். பக்கத்துப் பெரிய பட்டணத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள். களம் நன்றாக இருக்கும், கட்டணம் தனியாரைவிடக் குறைவு. வேலை முடிந்து வரும் நேரத்து மணிகளை வழக்கமாக ஆடும் குழுக்கள் முன்பே பிடித்து வைத்திருப்பார்கள், அதுதான் சிரமம்.

3. நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

இரவு நிகழ்ச்சிக்கு இடம் பார்க்கப் பகல் பதினோரு மணிக்குப் போகாதீர்கள். எத்தனை விளக்கு எரிகிறது, கொசு எப்படி, சூராவ் (சிறு தொழுகை இடம்) எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது இரவில்தான் தெரியும். தொழுகை அழைப்பு நேரத்தில் மைக்கை நிறுத்திவிடுவது இங்கே எல்லாரும் கடைப்பிடிக்கும் வழக்கம். நிகழ்ச்சி நிரலிலேயே அந்த இடைவெளியை வைத்துவிடுங்கள்.

போகும்போது ஒரு மேசை விசிறியையோ கைத்தொலைபேசி சார்ஜரையோ எடுத்துப்போய் ஒவ்வொரு பிளக்கிலும் சொருகிப் பாருங்கள். கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். நாற்காலியை எண்ணுங்கள். “இருநூறு நாற்காலி இருக்கு” என்று சொன்ன இடத்தில் நான் எண்ணியது நூற்று நாற்பது, அதில் பதினெட்டுக்குக் கால் ஆடியது.

4. காகிதங்கள்

ஒரு கோப்பில் இவற்றை எப்போதும் தயாராக வைத்திருங்கள்:

- அடையாள அட்டையின் நகல், இரண்டு பக்கமும்
- வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் அல்லது கணக்கு அறிக்கையின் தலைப் பகுதி
- சங்கம் என்றால் பதிவுச் சான்றிதழின் நகல், சங்கத் தலைப்பிட்ட கடிதம்
- நிகழ்ச்சி நிரல், ஒரே பக்கத்தில்
- ஆதரவுக் கடிதம்

கடைசியில் உள்ளதை “சூராட் சோக்கோங்கான்” என்று கேட்பார்கள். நகராண்மைக் கழக உறுப்பினரோ, சிலாங்கூரில் இந்தியர் சமூகத் தலைவராக நியமிக்கப்பட்டவரோ கொடுக்கலாம். கட்டாயமில்லாத இடத்திலும் இருந்தால் நல்லது, வாடகைக் கழிவு கேட்கும்போது இதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

கவுண்டரில் காதில் விழும் இன்னும் இரண்டு சொற்கள்: “வாங் சாகாரான்” என்றால் திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை, “ரெசிட் அசால்” என்றால் அசல் ரசீது. நகராண்மைக் கழகத்துக்கும் பள்ளிக்கும் கடிதம் மலாயில் இருக்கட்டும். கோயிலுக்குத் தமிழ் போதும்.

வாராவாரம் ஆடும் குழுவாகிவிட்டீர்கள் என்றால் பதிவு செய்வதைப் பற்றி யோசியுங்கள். விளையாட்டுக்கான சங்கத்தை 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையரிடம் பதிய வேண்டும். மற்றச் சங்கங்கள் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவிலாகாவுக்குப் போகும். தெரியாமல் தப்பான கதவைத் தட்டி மூன்று மாதம் வீணாக்கினோம்.

போலீஸுக்குச் சொல்ல வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தில் குடும்ப ஒன்றுகூடல், திருமண விருந்து, பண்டிகைத் திறந்த இல்ல உபசரிப்பு, சங்கப் பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கு முன்னறிவிப்பு தேவையில்லை. ஊர் மக்கள் எல்லாரையும் அழைக்கிற பொது நிகழ்ச்சி என்றால் நிலையத்துக்குப் போய் விசாரியுங்கள். முன்பு பத்து நாள் இருந்த அறிவிப்புக் காலம் 2019இல் வந்த திருத்தத்தால் ஐந்து நாளானது. நீங்கள் அந்தக் கடைசி ஐந்து நாள் வரை காத்திருக்காதீர்கள். டிக்கெட் விற்று ஆட்டம் பாட்டம் வைத்தால் கேளிக்கை உரிமம் தனிக் கதை, அது நகராண்மைக் கழகத்தின் உரிமப் பிரிவில்.

5. பணம்: வாடகையைத் தாண்டி என்னென்ன

எங்கள் சென்ற குடும்ப தினத்துக்கு மண்டப வாடகை 350 வெள்ளி. அதைத் தவிர போனது இது: கூடுதல் நாற்காலியும் லோரிக் கூலியும் 180, மைக் செட் 250, துப்புரவுக்கு இரண்டு பேர் 120, குப்பைப் பை, கழிப்பறைக் காகிதம் போன்ற சில்லறை 45, காவலாளிக்குச் சாப்பாடும் கைச்செலவும் 50. கூட்டினால் 645. இடத்தைவிட இடத்தைச் சுற்றியது அதிகம். வைப்புத் தொகை 300ஐயும் கையில் வைத்திருக்க வேண்டும், அது நிகழ்ச்சிக்கு முன் திரும்பி வராது.

ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பவர்கள் இந்தக் கணக்கை வசூலுக்கு முன்னால் போடுங்கள். நாங்கள் பின்னால் போட்டோம். மிச்சத்தை மூன்று பேர் பங்கு போட்டுக் கட்டினோம், அதில் ஒருவர் இன்றுவரை பேசுவதில்லை.

6. நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

டேவானுக்கு மூன்று மாதம் முன்பே போங்கள். பள்ளி விடுமுறையில் வரும் சனி, ஞாயிறு என்றால் கல்யாணக்காரர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே பிடித்திருப்பார்கள். பள்ளி, தோட்டம் இரண்டுக்கும் இரண்டு மாதம். தனியார் களத்துக்கு ஒரு வாரம் போதும்.

வெள்ளிக்கிழமை மதியம் கவுண்டருக்குப் போகாதீர்கள். தொழுகைக்காக நீண்ட இடைவேளை, திறந்ததும் வரிசை. அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். அது தேசிய விளையாட்டு தினம், பொதுத் திடலும் டேவானும் அரசாங்க நிகழ்ச்சிக்குப் போய்விடலாம். தேர்தல் வந்தால் பள்ளிகளும் டேவான்களும் வாக்களிப்பு மையங்கள், உங்கள் பதிவு தானாகப் பின்னால் போகும்.

இந்த ஊரில் பெரிய பொறி டிசம்பர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டேவான், பள்ளி, பாலாய் ராயா எல்லாம் வெள்ள நிவாரண மையமாக மாறக்கூடிய இடங்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பலர் வீட்டைவிட்டு இப்படிப்பட்ட மண்டபங்களில்தான் படுத்திருந்தார்கள். வேறொரு வருஷம் எங்கள் விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மண்டபத்தில் பாய் விரித்துவிட்டார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. வாங்கி வைத்த அரிசி, கோழியை அங்கேயே சமைக்கக் கொடுத்துவிட்டு விழாவைப் பொங்கலுக்குத் தள்ளினோம். டிசம்பரில்தான் வைக்க வேண்டும் என்றால், மேட்டில் உள்ள இடமாகப் பாருங்கள். பணம் கட்டும்போதே “வெள்ளத்தால் ரத்தானால் தேதி மாற்றித் தருவீர்களா, பணம் திரும்புமா” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

7. முதல்நாள் மாலை

காவலாளியைத் தொலைபேசியில் கூப்பிடுவது போதாது, நேரில் போங்கள். பதிவுக் கடிதத்தின் நகலை அவர் கையில் கொடுங்கள். அவர் இல்லையென்றால் யார் திறப்பார் என்று கேட்டு அந்த இரண்டாவது ஆளின் எண்ணையும் வாங்குங்கள். இப்போது நான் ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்வி: “அண்ணே, நாளைக்கு ஊர்ல காதுகுத்து, கல்யாணம் ஏதும் இல்லையே?” அவர் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை.

திறந்ததும், யாரும் எதையும் நகர்த்துவதற்கு முன்னால், சுவர், ஜன்னல் கண்ணாடி, மின்விசிறி, கழிப்பறை எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். முன்பே உடைந்திருந்த ஒரு கண்ணாடிக்காக எங்கள் வைப்புத் தொகையில் 80 வெள்ளி பிடிக்கப் பார்த்தார்கள். தேதி, நேரத்தோடு படம் இருந்ததால் தப்பித்தோம்.

8. வைப்புத் தொகையைத் திரும்ப வாங்குவது

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது காவலாளியோடு ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “சுத்தமாக இருக்கிறது” என்று ஒரு வரியும் கையெழுத்தும் வாங்குங்கள். திங்கட்கிழமையே அசல் ரசீதோடு கவுண்டருக்குப் போய்த் திரும்பப்பெறும் பாரத்தை நிரப்புங்கள். எங்களுக்கு ஒரு முறை நான்கு வாரத்தில் வந்தது, ஒரு முறை ஒன்பது வாரம் ஆனது.

ஒன்பது வாரமானதற்குக் காரணம் நாங்களேதான். விண்ணப்பம் என் பெயரில், பணம் கட்டியது மச்சான் கணக்கிலிருந்து, திரும்பப்பெறும் பாரத்தில் எழுதியது சங்கப் பொருளாளரின் கணக்கு எண். மூன்று பெயரும் பொருந்தாமல் பாரம் இரண்டு முறை திரும்பி வந்தது. விண்ணப்பிப்பவர், கட்டுபவர், வாங்குபவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கட்டும். அசல் ரசீதைப் படம் பிடித்துவிட்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். கவுண்டர் ரசீதை, காரில் வெயில் படுகிற இடத்தில் வைத்தால் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.